ஃபாயிலா, பேனாவா, ஆல்கிளாடா? ஒரு 1969 சார்ஜருக்கான குரோம் கணக்கு

1/25 அளவு மாடல் காரைப் பார்த்த மாத்திரத்தில் அது பொம்மையா வண்டியா என்று கண் முடிவுகட்டிவிடும். பெயின்ட் எவ்வளவு வழவழப்பாக வந்திருந்தாலும், கண்ணாடியைச் சுற்றி ஓடும் வெள்ளிக்கோடு தடித்தோ நெளிந்தோ இருந்தால் பொம்மைதான். அந்தக் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதை இடுவதற்கு இன்று பெரும்பாலோர் கைவைப்பது மூன்று பொருட்களில்: பின்புறம் பசை பூசிய பேர்-மெட்டல் ஃபாயில் தாள், மோலோடோவ் லிக்விட் குரோம் பேனா, காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷில் அடிக்கும் ஆல்கிளாட் குரோம். எது நல்லது என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது. ஒரே வண்டியை நடுவில் வைத்துப் பார்த்தால் சண்டைக்கே இடமில்லை என்பது தெரியும். எது எங்கே என்பதுதான் கேள்வி.

நடுவில் வைக்கும் வண்டி 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி. இந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான மசில் கார் (பெரிய எஞ்சின் பூட்டிய அந்தக் கால அமெரிக்க வண்டி) குறைவு. முன் கண்ணாடியைச் சுற்றி டிரிம் என்னும் பளபளப்பு அலங்காரப் பட்டை, கூரை ஓரமாக மழைநீர் வழியும் விளிம்பு, நான்கு சக்கர வளைவுகளிலும் மெல்லிய பட்டை, கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பட்டை, இரு பக்கமும் கூரை சரிந்து இறங்கும் குழிக்குள் உட்கார்ந்த பின் கண்ணாடி, இடது பின்பக்கத் தோளில் உருண்டையான பெட்ரோல் மூடி. ஃபாயில் ஒட்டுபவரைச் சோதிக்க வேண்டிய எல்லா வளைவும் ஒரே உடலில் இருக்கின்றன.

பழைய அச்சில் வார்த்த கிட் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி) என்றால் முதலில் ஒரு விஷயம். 1960-களில் ஏஎம்டி, எம்பிசி, ஜோ-ஹான் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் புது மாடலுக்கான கிட் வெளியிட்டன. முழு அச்சையும் புதிதாக வெட்டாமல், போன வருட அச்சையே அந்த வருட வண்டிக்கு ஏற்றபடி திருத்தும் வழக்கம் உண்டு. அதனால் இரண்டு வருடங்களின் அடையாளங்கள் ஒரே உடலில் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1968 சார்ஜரின் கிரில் ஒரே துண்டு, பின்விளக்குகள் நான்கு வட்டங்கள், பக்கவாட்டு மார்க்கர் விளக்குகளும் வட்டம். 1969-ல் கிரில் நடுவில் பிரிந்தது, பின்விளக்கு இரண்டு நீளப் பட்டைகளானது, மார்க்கர் செவ்வகமானது. சக்கர இடைவெளி நிஜத்தில் 117 அங்குலம். 1/25-ல் சுமார் 119 மி.மீ. வர வேண்டும். சக்கரங்களை இணைக்கும் உலோகக் கம்பி நுழையும் ஓட்டைகளை ஸ்கேலால் அளந்துவிட்டுப் பிறகு பெயின்ட் டப்பாவைத் திறப்பது நல்லது.

பலர் தவறுவது எங்கே என்றால், ‘குரோம்’ என்ற ஒரே சொல்லில். நிஜ வண்டியில் பளபளப்பதெல்லாம் குரோம் அல்ல. பம்பர் எஃகு, அதன்மேல் குரோம் முலாம். அதுதான் ஆழமான கண்ணாடிப் பளபளப்பு. கண்ணாடியைச் சுற்றிய பட்டைகள் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவற்றில் கொஞ்சம் சூடான வெண்மை இருக்கும், கருமை குறைவு. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் ஆனோடைஸ் செய்த அலுமினியப் பட்டைகளும் தாராளமாக உண்டு. அவை இன்னும் மங்கல். மூன்றையும் ஒரே பேனாவால் தீட்டினால் மாடல் கீ-செயின் மாதிரி ஆகிவிடும். கிட்டோடு வரும் குரோம் பாகங்கள் எல்லாவற்றையும் அப்படியே ஒட்டினாலும் அதே கதைதான்.

அப்படியானால் ஃபாயில்தான் உடலுக்கு. காரணம் ரொம்ப எளிது: நிஜத்தில் அந்த டிரிம் ஒரு மெல்லிய உலோகத் தகடு; மாடலிலும் அது மெல்லிய உலோகத் தகடாகவே இருக்கிறது. பெயின்ட் எதுவும் உலோகம் மாதிரி நடிக்கத்தான் முடியும்.

பேர்-மெட்டல் ஃபாயில் தாள் ஏறக்குறைய 15 செ.மீ.க்கு 30 செ.மீ. வரும். குரோம், அல்ட்ரா பிரைட் குரோம், மேட் அலுமினியம், கறுப்பு குரோம், தங்கம், செம்பு என்று வகைகள் உண்டு. சார்ஜருக்கு வேண்டியவை முதலும் மூன்றாவதும்: கண்ணாடிப் பட்டைக்குக் குரோம், கதவடிப் பட்டைக்கு மேட் அலுமினியம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த இரண்டின் வேறுபாடு தெரியும். ஆனால் தெரிந்தபின் ஒன்றை மட்டும் வைத்து வேலை செய்ய மனம் வராது. கவனமாக வெட்டினால் ஒரு தாளில் மூன்று நான்கு வண்டிகளை முடிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் முதல் வண்டிக்கே பாதித் தாளைத் தின்றுவிடுவார். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாயில் வேலை பெயின்டுக்குப் பிறகு நடந்தாலும், அதன் தலையெழுத்து பெயின்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. பழைய அச்சுகள் தேய்ந்தவை. டிரிம்மின் விளிம்பு தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். விளிம்பு இல்லாத இடத்தில் பிளேடுக்கு வழிகாட்ட எதுவும் இல்லை. கூடவே பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று அடுக்கடுக்காகப் பூசும்போது சேரும் தடிமன் 0.1 மி.மீ. என்றாலே, நிஜ அளவில் அது 2.5 மி.மீ. பூச்சு. இருந்த கொஞ்ச விளிம்பும் மூழ்கிவிடும். அதனால் பிரைமருக்கு முன்பே டிரிம்மும் உடலும் சேரும் பள்ளத்தில் ஸ்கிரைபர் (கோடு கீறும் ஊசி) முனையை இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டி ஆழப்படுத்த வேண்டும். கதவுக் கோடுகளுக்கும் பானெட் கோடுகளுக்கும் அதே வேலை. முன் ஃபெண்டர் மேலும் கூரைத் தூண்களிலும் அச்சு சேரும் கோடு ஓடும். அதை 400, 600, 1000 உப்புத்தாளால் படிப்படியாக எடுத்துவிட வேண்டும். டிரிம்மின் மேலேயே அச்சுக்கோடு ஏறியிருந்தால் கண்டிப்பாக எடுக்க வேண்டும். ஃபாயில் எதையும் மறைக்காது, அடியில் இருப்பதை இரண்டு மடங்காக்கிக் காட்டும்.

டிரிம் அறவே தேய்ந்துபோன இடத்தில் எவர்கிரீன் நிறுவனத்தின் 0.25-க்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டையைத் திரவ சிமென்டால் ஒட்டிவிடலாம். நிஜத்தில் அரை அங்குலப் பட்டை 1/25-ல் சரியாக 0.5 மி.மீ. வருகிறது, கணக்கு தானாகவே பொருந்துகிறது. சக்கர வளைவில் ஒட்டும்போது ஒரு முனையை ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் மீதியை வளைத்தால் பிய்ந்து வராது.

எழுத்துகளுக்குத் தனி வழி. கூரைத் தூணில் சாய்ந்து கிடக்கும் ‘சார்ஜர்’ எழுத்தைப் பெயின்டுக்குப் பிறகு ஃபாயில் ஒட்டிச் சுற்றி வெட்டுவது யாராலும் ஆகாத காரியம். பிரைமர் காய்ந்ததும், நிறம் பூசும் முன், எழுத்தின்மேல் சிறு துண்டு ஃபாயிலை ஒட்டி, நன்றாக அழுத்தித் தேய்த்து, எழுத்தை ஒட்டி வெட்டிவிட வேண்டும். பிறகு உடல் முழுவதற்கும் நிறம் பூசலாம். பூசிய நிறம் லாக்கர் வகைப் பெயின்டாக இருந்தால், அது காய்ந்ததும் விரலில் இறுக்கிச் சுற்றிய பருத்தித் துணியில் மிகக் கொஞ்சம் தின்னர் தொட்டு, எழுத்தின் மேல்தளத்தை மட்டும் உரசினால் நிறம் போய் உலோகம் தெரியும். துணி ஈரமாக இருக்கக் கூடாது, ஈரம் பட்ட மாதிரி இருந்தால் போதும். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஃபாயிலும் சேர்ந்து போகும். அதன்மேல் கிளியர் அடித்தால் எழுத்து நிரந்தரம். இந்த ஒரு உத்திக்காகவே ஃபாயில் தாள் ஒன்று வீட்டில் இருக்கலாம்.

உடலுக்கு ஃபாயில் ஒட்ட, பெயின்ட் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். தொட்டால் ஒட்டாதது காய்ந்ததற்கு அடையாளமல்ல. லாக்கருக்கு இரண்டு மூன்று நாள், டூ-கே கிளியருக்கு (இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் கிளியர்) ஒன்றிரண்டு நாள், எனாமலுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். மூக்கை வைத்து முகர்ந்தால் பெயின்ட் வாசனை வருகிறதென்றால் இன்னும் காயவில்லை. காயாத பெயின்ட்மேல் ஒட்டினால் தேவையற்ற பகுதியை உரிக்கும்போது நிறமும் கூடவே வரும். பாலிஷ் போட வேண்டுமானால் முன்பே போட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் உடலைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். சிலிக்கான் கலந்த மெழுகு பாலிஷ் இருந்த இடத்தில் ஃபாயில் ஒட்டவே ஒட்டாது. மெழுகு போடும் ஆசை இருந்தால் எல்லாம் முடிந்தபின்.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் 11-ம் எண் பிளேடு, அதற்கு 3-ம் எண் கைப்பிடி. இதைவிட மேலானது இந்த வேலைக்கு வேண்டியதில்லை. ஒரு காருக்கு நான்கைந்து பிளேடு ஆகும். மழுங்கிய பிளேடு ஃபாயிலை வெட்டாது, இழுக்கும். இழுத்த இடத்தில் ரம்பப் பல் மாதிரி விளிம்பு வரும்.

தாளை எஃகு ஸ்கேலின் ஓரமாக, டிரிம்மைவிட இரண்டு மூன்று மி.மீ. அகலமான பட்டையாக வெட்டுங்கள். ஃபாயில் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடிக்காகிதம் வெட்டுப்படக் கூடாது. கத்தியின் சொந்த எடையே போதும். முனையைப் பிளேடின் நுனியால் கிளப்பி, தாளோடு ஒட்டினாற்போலத் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தால் சுருளாமல் வரும். வெடுக்கென்று இழுத்தால் சுருண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயலாமல் தூக்கிப் போட்டுவிடலாம்.

பட்டையை ஒரு முனையில் தொட்டு, லேசாக இழுத்துப் பிடித்தபடி மறுமுனை வரை கிடத்த வேண்டும். சுருக்கம் விழுந்தால் தேய்க்கும் முன் தூக்கி மறுபடி கிடத்தலாம். தேய்த்தபின் தூக்க முடியாது. முதல் தேய்ப்பு இயர் பட்ஸால், நடுவிலிருந்து வெளியே. அடுத்து நுனி உருட்டிய பல்குச்சியால் டிரிம்மின் இரு விளிம்புகளிலும் ஓட்ட, ஃபாயிலுக்கு அடியில் பள்ளம் கூர்மையான கோடாகத் தெரியத் தொடங்கும். அந்தக் கோடு தெரியாமல் வெட்டத் தொடங்காதீர்கள். வெட்டு, பள்ளத்தின் அடியில் போக வேண்டும்; பிளேடு ஏறக்குறைய படுத்த நிலையில், நிற்காமல் ஒரே இழுப்பில். அழுத்தினால் கிளியரைத் தாண்டி நிறம் வரை கீறல் போகும், பிரைமர் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். அப்படி ஆன இடத்தில் பல்குச்சி நுனியில் அதே நிறத்தைத் தொட்டு நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. தேவையற்ற பகுதியை டிரிம்முக்கு எதிர்ப்பக்கமாக உரித்து எடுத்து, மறுபடி ஒருமுறை பட்ஸால் தேய்க்க வேண்டும்.

பசைக்கறை பெயின்டில் மிச்சமிருக்கும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலை பட்ஸில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். தின்னர் பக்கமே போகக் கூடாது.

சார்ஜரில் எங்கெங்கே திணறும்? முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் முதலாவது. ஒரே பட்டையை வளைத்துச் சுற்ற முயன்றால் மூலையில் சுருக்கம் குவியும். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று நான்கு துண்டுகள். மூலையில் அரை மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். நன்றாகத் தேய்த்தால் சேர்ப்புக்கோடு கண்ணுக்குத் தெரியாது, நிஜ வண்டியிலும் அங்கே பட்டைகள் துண்டுதுண்டாகத்தான் சேர்கின்றன. பின் கண்ணாடிக்கும் நான்கு துண்டு, ஆனால் குழிக்குள் கை நுழையாது. பிளேடைத் தலைகீழாகப் பிடித்து உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டிவரும். பக்கச் சுவர்களுக்கு முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்தால் கீறலிலிருந்து பெயின்ட் தப்பும்.

சக்கர வளைவுக்கு நேர்ப்பட்டையை வளைக்க வேண்டாம். வளைவு முழுதையும் மூடும் அளவுக்குச் சதுரத் துண்டை வைத்து, தேய்த்து, உள்விளிம்பில் மடித்து, வெளிக்கோட்டை மட்டும் வெட்டி மீதியை உரித்துவிடுங்கள். ஃபாயில் வீணாகும், ஆனால் சுருக்கம் வராது. கூரை ஓரத்து விளிம்பு கண்ணுக்குப் பயமாகத் தெரியும், வேலையோ சுலபம். இரு பக்கமும் தெளிவான விளிம்பு இருப்பதால் பிளேடு தானாகவே போகும். கை பழகாதவர் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஃபாயிலின் குறை என்னவென்றால், இரட்டை வளைவுக்கு அது ஒத்துவராது. பெட்ரோல் மூடி, கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடிக் கூடு இவற்றில் ஒட்டினால் சுருக்கமும் மடிப்பும்தான். இன்னொன்று, தாளுக்கு வயசாகும். பழைய தாளில் பசை காய்ந்து, ஃபாயில் அடிக்காகிதத்தை விடாமல் துணுக்கு துணுக்காகப் பிய்ந்து வரும். இரண்டு மூன்று பட்டைகள் தொடர்ந்து பிய்ந்தால் உங்கள் கை மேல் தப்பில்லை, தாள் மேல்தான். வெயில் காயும் அலமாரியில் சுருட்டி வைக்காமல், தட்டையாக, ஜிப் கவரில் வைக்க வேண்டும்.

இனி பேனா. மோலோடோவ் 1, 2, 4 மி.மீ. முனைகளில் வருகிறது, 30 மி.லி. நிரப்புக் குப்பியும் உண்டு. உள்ளே இருப்பது ஆல்கஹால் சார்ந்த மை. நன்றாகக் குலுக்கி, வேண்டாத பிளாஸ்டிக்கில் முனையை அழுத்தி அழுத்தி மை இறங்க வைத்துவிட்டுத் தொட வேண்டும். நேரே மாடல்மேல் அழுத்தினால் ஒரு சொட்டு கொட்டும், அது பக்கத்துக் கதவுக்கோட்டுக்குள் ஓடி மறையும். அந்த ஓட்டம்தான் இந்தப் பேனாவின் பலமும் பலவீனமும். தானாகவே பரவி மட்டமாவதால் பெட்ரோல் மூடி, கைப்பிடி, சாவித்துளை, உள்ளே கதவுக் கண்ணாடி சுற்றும் கைப்பிடி இவற்றில் பிரஷ் தடமே தெரியாத பளபளப்பு வரும். ஃபாயில் தோற்கும் இடங்கள் எல்லாமே இதற்குச் சொந்தம். ஆனால் கண்ணாடி ஓரத்து நேர்க்கோட்டுக்கு இதைக் கொண்டுபோனால் விளிம்பு நீரோட்டம் மாதிரி வளைந்து வளைந்து போகும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தொட்டால் வரிவரியாகக் கிழியும். ஒரு தரம் தொட்டால் விட்டுவிட வேண்டும்.

தப்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்துவிடலாம் என்று சொல்வார்கள். அடியில் எனாமலோ டூ-கே கிளியரோ இருந்தால் சரி. டாமியா மாதிரி ஆல்கஹாலில் கரையும் அக்ரிலிக் இருந்தால் குரோமோடு நிறமும் கரைந்து வரும். அடியில் என்ன பெயின்ட் என்று தெரியாமல் ஆல்கஹாலைத் தொடவே கூடாது.

மோலோடோவின் பெரிய தலைவலி, அது காய எடுக்கும் நேரம். சில மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தோன்றும். விரல் பட்டால் ரேகை பதிந்து மங்கிவிடும். உண்மையில் இறுகப் பல நாட்கள், கனமாகப் பூசியிருந்தால் வாரங்கள்கூட ஆகும். மேலே கிளியர் அடித்தால் பெரும்பாலான கிளியர்கள் அதைக் கண்ணாடியிலிருந்து சாதாரண வெள்ளிப் பெயின்டாக இறக்கிவிடும். வேண்டாத துண்டில் சோதிக்காமல் அடிக்காதீர்கள். முடிந்தவரை கிளியரே வேண்டாம்; கை படாத பாகங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, கடைசி நாளில் தொட்டுவிட்டு ஒதுங்குவதுதான் இதன் சரியான உபயோகம். நிரப்புக் குப்பி மையைத் தின்னர் கலக்காமல் அப்படியே ஏர்பிரஷ்ஷில் அடிக்கலாம், மெல்லிய அடுக்காக வந்தால் பேனாவைவிட நன்றாகவே இருக்கும். ஏர்பிரஷ்ஷை உடனே ஆல்கஹாலால் கழுவிவிடுங்கள்.

பம்பர் வரும்போது ஆட்டம் மாறுகிறது. கிட்டோடு வரும் குரோம் என்பது, பிளாஸ்டிக்கின்மேல் ஒரு லாக்கர், அதன்மேல் வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு. நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம். அந்த வழவழப்பைக் கையால் எட்டுவது கடினம். ஆனால் பழைய கிட்களில் அது உரசிப்போயிருக்கும், ஸ்ப்ரூவில் (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒட்டியிருந்த இடம் வெள்ளையாக இருக்கும், பம்பரின் நடுவில் அச்சுக்கோடு ஓடும். அப்போது உரித்துப் புதிதாக அடிப்பதுதான் வழி.

உரிக்க, வீட்டில் பயன்படும் குளோரின் பிளீச் போதும். பாகத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூழ்கவைத்தால் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணிக்குள் அலுமினியம் கரைந்துவிடும். சன்னல் திறந்திருக்கட்டும், கையுறை கட்டாயம். அம்மோனியாவோ ஆசிட் கலந்த கழிவறைத் திரவமோ அதே டப்பாவில் சேரவே கூடாது, நச்சு வாயு வரும். அலுமினியம் போனபின் மஞ்சளாக ஒரு லாக்கர் படலம் மிச்சமிருக்கும். அதை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. விவரங்கள் மழுங்கிப்போய் வருவது அதனால்தான். நன்றாக அலசியபின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

இப்போது ஆல்கிளாட். 30 மி.லி. குப்பி, லாக்கர் அடிப்படை, தின்னர் கலக்கத் தேவையில்லை. பம்பர் அச்சுக்கோட்டை எடுத்து, 2000 வரை உப்புத்தாள் போட்டு, அதன்மேல் பளபளப்புக் கறுப்பு. ஆல்கிளாட் நிறுவனமே விற்கும் கறுப்பு அடிப்பூச்சு உண்டு. வேறு கறுப்பும் வேலை செய்யும், ஒரே நிபந்தனை அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். குரோம் என்று நாம் பார்ப்பது பாதிக்குமேல் அந்தக் கறுப்பைத்தான். ஒரு தூசி கறுப்பில் சிக்கினால் குரோமில் அது மரு மாதிரி தெரியும். ஏர்பிரஷ்ஷில் காற்றழுத்தம் 12 முதல் 15 பிஎஸ்ஐ, பனி படிவது போல மெல்லிய அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் சில நிமிடம். மூன்றாவது நான்காவது அடுக்கில் கறுப்பு திடீரென்று கண்ணாடியாக மாறும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று தொடர்ந்தால் கண்ணாடி மறைந்து சாம்பல் வெள்ளி வந்துவிடும். பெரும்பாலான தோல்விகள் குறைவாக அடித்ததால் அல்ல, கூடுதலாக அடித்ததால்.

மழைக்காலத்தில் ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் கறுப்பு அடிப்பூச்சு பால் பூத்த மாதிரி வெளுக்கும். சென்னையிலோ நாகையிலோ இருப்பவர் நவம்பரில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நலம். கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி இல்லாமல் எந்த மாதத்திலும் தொடக் கூடாது. துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கையில் பிடிக்க ஆல்கிளாட் குரோம் ஏற்றதல்ல, மாஸ்கிங் டேப் உரித்தாலே மங்கும். அதனால் உடலில் டிரிம் போடுவதற்கு இதை நினைக்கவே வேண்டாம். பம்பரைக் குச்சியில் பிடித்து அடித்து, ஒட்டுமிடத்தைச் சுரண்டி, அதே குச்சியோடு கொண்டுபோய்ப் பொருத்திவிட வேண்டும். சுரண்டாமல் ஒட்டினால் பசை குரோமைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. பம்பர் ஒருநாள் தானாக விழும். கிட் குரோமுக்கும் இதே விதி. சூப்பர் க்ளூவை இங்கே தவிர்க்கலாம், அதன் ஆவி பளபளப்பின்மேல் வெள்ளையாகப் படியும். பளபளப்புப் பாகங்களுக்கு எபாக்ஸியோ வெள்ளைப் பசையோ பாதுகாப்பு.

கிட் குரோமை அடக்கி ஆள்வதும் ஒரு கலை. மேக்னம் 500 சக்கரத்தில் ஐந்து ஆரங்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் மங்கல் கறுப்பை நீர்க்கவைத்து ஓடவிட்டு, ஆரத்தின் மேல் பட்டதைத் துடைத்துவிட்டால் சக்கரத்துக்கு ஆழம் வந்துவிடும். கிரில்லை முழுக் குரோமாக விட்டால் பல்செட் மாதிரி இருக்கும். சார்ஜரின் முகமே அந்த இருட்டுதான், ஹெட்லைட்கூடக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வண்டி அது. கறுப்பு பூசி, பட்ஸால் விளிம்புக்கோட்டை மட்டும் துடைத்து வெளிக்கொணர வேண்டும். ஹெமி என்னும் பெரிய எஞ்சின் தரும் கிட்டில் வால்வ் கவர் (எஞ்சினின் மேல்மூடி) குரோம் ஸ்ப்ரூவில் வந்திருந்தால் உரித்துவிடுங்கள்; 426 ஸ்ட்ரீட் ஹெமியின் வால்வ் கவர் சுருக்கம் விழுந்த கறுப்பு.

மாற்றுப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. சமையலறை அலுமினிய ஃபாயிலும் மைக்ரோஸ்கேலின் ஃபாயில் பசையும் சேர்ந்து மலிவாக முடியும்; ஆனால் தடிமன் அதிகம், சின்ன வளைவுகளில் விறைத்து நிற்கும். கதவடிப் பட்டை போன்ற நேரான இடத்துக்குப் பரவாயில்லை. ஹசெகாவாவின் மிரர் ஃபினிஷ் தாள் பக்கக் கண்ணாடிக்குள் ஒட்ட அருமை, டிரிம்முக்குத் தடிமன். வெள்ளி பெயின்டும் மெல்லிய பிரஷ்ஷும் மட்டும் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், வைப்பருக்குப் போதும். 1/25-ல் வைப்பர் மங்கலாக இருந்தால்தான் கண் நம்புகிறது.

வாங்கும் வரிசை கேட்டால்: முதலில் ஃபாயில் தாள் ஒன்று, ஒரு பாக்கெட் 11-ம் எண் பிளேடு. அடுத்து 1 மி.மீ. பேனா. ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரஸரும் ஏற்கெனவே இருந்தால் மட்டும் ஆல்கிளாட். அதற்காகவே கம்ப்ரஸர் வாங்குவது வீண், நல்ல நிலையில் உள்ள கிட் குரோம் பம்பரோடு சமாளிக்கலாம். வேலை செய்யும் வரிசையும் ஏறக்குறைய அதுவே, ஒரே ஒரு மாற்றம்: ஆல்கிளாட் பம்பரைத் தனியே முன்கூட்டி அடித்துக் காயவைத்துவிட வேண்டும். உடல் பெயின்ட் காய்ந்து ஃபாயில் முடிய இரண்டு மாலை வேளைகளாவது ஆகும். கண்ணாடிகளைப் பொருத்துவது அதற்குப் பிறகு. முன்பே பொருத்தினால் ஃபாயில் வெட்டும் பிளேடு கண்ணாடியில் ஒரு கோடு போடாமல் விடாது. பேனாவால் தொடுவதெல்லாம் உள்ளறையும் சேஸிஸும் உடலோடு சேர்ந்தபின், கை இனி அந்தப் பக்கம் போகாது என்று உறுதியானபின்.